திலகாவைப் பார்க்க வந்த பன்னிரண்டாவது மாப்பிள்ளை

செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ரப்பர் கையுறைகளை ஊதிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிப்பது திலகாவின் வேலை. முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று அவளைவிட ஊர்தான் அதிகம் கவலைப்பட்டது. இதுவரை பதினொரு மாப்பிள்ளைகள் வீடு தேடி வந்து, கேசரியை வழித்துச் சாப்பிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். இன்னும் கலந்து பேசி முடியவில்லை போலும்.

பன்னிரண்டாவது ஆளை வெளியில்தான் பார்ப்பேன் என்றாள் திலகா. கோல சிலாங்கூரில், குரங்குகள் இஷ்டத்துக்குத் திரியும் மலாவத்தி குன்றில் ஒரு ஞாயிறு காலை பார்ப்பதாக முடிவானது.

மாப்பிள்ளை புனிதன் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து அம்மா லீலாவதியோடு காரில் வந்திறங்கினான். திலகா, தன் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, குரங்குகளுக்குக் கொடுக்க ஒரு கட்டுப் பயத்தங்காயோடு நின்றிருந்தாள்.

"மோட்டார்லயா வந்தே? ஒத்தையாவா?" என்றார் லீலாவதி.

"ஆமா ஆன்ட்டி."

"சமைப்பியா?"

"நல்லா சாப்பிடுவேன்."

லீலாவதி மகன் பக்கம் திரும்பினார். "எம்புள்ள சிலம்பம் கத்தவன். பத்துப் பேரு வந்தாலும் அசைய மாட்டான்."

புனிதன் அடக்கமாகத் தலைகுனிந்தான். அந்தக் காலையில் அவன் வெளியிட்ட ஒரே கருத்து அதுதான்.

மரத்தடியில் சாம்பல் நிறக் குரங்குகள் சாதுவாக இலை தின்றுகொண்டிருந்தன. பின்னாலிருந்து பழுப்புக் குரங்கு ஒன்று பாய்ந்து லீலாவதியின் கைப்பையைப் பறித்தது. வந்தது பத்துப் பேரல்ல, ஒன்றே ஒன்று. சிலம்ப வீரன் அசைந்தான். அசைந்த வேகத்தில் காருக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டான். அம்மா வெளியே நின்றார்.

குரங்கு பையைத் திறந்து புனிதனின் ஜாதகத்தை வெளியே எடுத்தது. புரட்டியது, முகர்ந்தது, கடித்தது. எந்த ஜோசியரும் அதை இவ்வளவு ஆழமாக அலசியதில்லை.

"ஐயோ, என் பை!" என்று அலறினார் லீலாவதி.

"அதோட கண்ணப் பாக்காதீங்க ஆன்ட்டி. அப்படியே நில்லுங்க." திலகா பயத்தங்காய்க் கட்டை தூரமாக வீசினாள். குரங்கு பையைப் போட்டுவிட்டு ஓடியது. அவள் நிதானமாகப் பையை எடுத்து, லீலாவதியைப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கார்க் கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. "போயிடுச்சாம்மா?"

லீலாவதி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திலகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாதகம் போனா போவுது. எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு தாயி."

"எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு ஆன்ட்டி. ஆனா நான் கட்டிக்கப் போறது உங்களை இல்லையே லா."

சொன்ன பிறகுதான் திலகாவுக்கு உறைத்தது: பன்னிரண்டு பேரில், வேண்டாம் என்று அவள் வாயால் சொன்னது இதுவே முதல் முறை. பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

லீலாவதி வயிறு குலுங்கச் சிரித்தார்.

இளநீர் குடிக்க இருவரும் பேசிக்கொண்டே குன்றிலிருந்து இறங்கினார்கள். புனிதனின் கார், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, மரியாதையான தூரத்தில் பின்தொடர்ந்தது.