லென்ஸ் ஒரிஜினலா, பாத்துச் சொல்லுங்க

கேமரா ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட, தள்ளுபடியில் வாங்கிய லென்ஸை நீட்டி "இது ஒரிஜினலா?" என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். இதற்குக் கூலி கிடையாது. டீயும் என் செலவு.

நகைக் கடை, மொபைல் கடை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போலி என்று சொன்னால் வந்தவர் முகம் வாடிவிடும். முகத்துக்காக ஒரு தடவை பொய் சொன்னாலோ, பஜாரில் நம் வார்த்தை செல்லாக்காசு. அப்புறம் ரிப்பேருக்கும் ஆள் வராது. அதனால் இருபது வருஷமாக, வருவது யாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று வைத்திருந்தேன்.

கூடுதல் எடை

எங்கள் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயரானவர். போட்டோகிராபர் மருமகனுக்குக் கொடுக்க ஆன்லைனில் பாதி விலையில் ஒரு லென்ஸ் வாங்கியிருந்தார். என்னிடம் வருவதற்கு முன்பே நகைக் கடைத் தராசில் அதை வைத்து எடை பார்த்துவிட்டார். தங்கவயல்காரர் இல்லையா, எதையும் நிறுக்காமல் நம்பமாட்டார்.

கழற்றிப் பார்த்தேன். கனம் தெரிவதற்காக உள்ளே ஒரு இரும்பு வளையத்தைச் செருகியிருந்தார்கள். "கம்பெனி சொல்லும் எடையைவிட ஐம்பது கிராம் அதிகம் இருக்கிறது. இது போலி, ஐயா" என்றேன். அவர் லென்ஸைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சொன்னதுக்கு மேல அம்பது கிராம் கூடவே குடுத்துகிறான். இதுல எனக்கு இன்னா நஷ்டம், தம்பி?"

ஒரே நம்பர்

இதே தங்கவயலின் பாலகாட் பகுதியில் இரண்டு நண்பர்கள். வாரநாளில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண போட்டோ எடுப்பார்கள். ரயிலில் பழக்கமான ஒருவரிடம் ஆளுக்கொரு லென்ஸ் வாங்கி வந்தார்கள். இரண்டையும் மேஜைமேல் வைத்து சீரியல் நம்பரைப் பார்த்தேன். ஒரு எண்கூட மாறாமல் இரண்டிலும் ஒரே நம்பர். "ஒரே நம்பரில் ரெண்டு பைக் ஓடுமாப்பா?" என்று கேட்டேன். ஒருவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மற்றவன் குனிந்து என் காதருகே வந்தான்.

"ரெண்டுல ஒண்ணாவது ஒரிஜினலா இருக்கும்ல, அண்ணா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி, அது என்னுதுன்னு சொல்லிடுங்க."

ஜவுளிக்காரர் நியாயம்

போலி என்றால்தான் சண்டை வரும் என்று நினைக்காதீர்கள். எதிர்வரிசை ஜவுளிக் கடைக்காரர் எழுபது சதவீதத் தள்ளுபடியில் மகளுக்கு லென்ஸ் வாங்கியிருந்தார். நம்பர் சரி, மோட்டார் சத்தம் சரி, கண்ணாடியின் பூச்சு சரி. புது மாடல் வந்துவிட்டதால் பழையதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "அசல் சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பியும் விட்டார். ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்:

"நானும் வருஷா வருஷம் எழுவது பர்சென்ட் தள்ளுபடி போடறவன் சார். அதுல இன்னா சரக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்த பெட்டி

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மனைவி விஜயா ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தாள். ப்ளவுஸ் தைத்துச் சேர்த்த காசில், எண்பது சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய லென்ஸ். நான் பல வருஷமாக ஆசைப்பட்டு வாங்காமலே விட்ட லென்ஸ்.

திறந்த கணமே தெரிந்துவிட்டது. பள்ளமாக வெட்டி வண்ணம் நிரப்பியிருக்க வேண்டிய எழுத்துகளை மேலோட்டமாக அச்சடித்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாராக இருந்தால் என்ன என்று இருபது வருஷம் பேசிய வாய், "அசல் ஒரிஜினல்" என்றது. எனக்கே வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று நாள் அதை பீரோவில் பூட்டி வைத்தேன். கடையில் யாருடைய லென்ஸைக் கையில் எடுத்தாலும் மனசு குத்தியது. நான்காம் நாள், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பீரோவைத் திறந்தால் பெட்டியைக் காணோம். விஜயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"கண்டவங்க லென்ஸயெல்லாம் அரை மணி நேரம் டார்ச் அடிச்சிப் பாப்பீங்க. நான் குடுத்ததுக்கு மூடியக்கூடக் கழட்டல, ஒரிஜினல்னீங்க. அப்பவே தெரிஞ்சிபோச்சி, டூப்ளிகேட்டுன்னு. வாபஸ் அனுப்பிட்டேன், வந்து சாப்டுங்க."

ஆகவே வாசகர்களே, லென்ஸில் சந்தேகம் இருந்தால் என் கடைக்கு வாருங்கள், நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் விஜயாவைக் கேளுங்கள்.