கல்வெட்டின் மேல் பன்னிரண்டு வரட்டி

சுதந்திரப் பொன்விழாவுக்கு ஒவ்வொரு மகளிர் மன்றமும் ஊருக்கு உபயோகமாக ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, எங்கள் மன்றத்தில் அதைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திருமழிசையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். அம்பத்தூர்ப் பக்கம் போய்ப் பட்டம் வாங்கிவந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

மரம் நடலாம், ஊர்வலம் போகலாம், பேச்சுப்போட்டி வைக்கலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டுவோம் என்றார். அவர் மகள் வயதுக்கு வந்த மறுமாதமே படிப்பை விட்டு நின்றுவிட்டவள். பள்ளியில் ஒதுங்க இடமில்லை, வேறு காரணம் எதுவுமில்லை. அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். கடைக்கால் நாங்களே வெட்டினோம். சூளை வேலைக்குப் போகிறவர்கள் மூலை உடைந்த செங்கற்களைக் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்தார்கள். கொத்தனார் ஒருவர்தான் ஆண்பிள்ளை. சாந்துச் சட்டி தூக்கி என் உள்ளங்கைத் தோல் உரிந்தபோது, படித்த கை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

சுவர் தோள் உயரம் வந்த பிறகு பஞ்சாயத்துத் தலைவர் ஒருநாள் வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பார்த்தார். கல்வெட்டு என் பொறுப்பு, யார் யார் பெயர் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். முழுத்தாளில் பன்னிரண்டு பெயரையும் எழுதினேன். மாட்டுக்கார அக்கா தன் பெயரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மா என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்.

"கல்லுல போட்டா அழியாதுல்ல?" என்றார். அழியாது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏறியது, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள், தலைவர் திரையை விலக்கினார். கருப்புக் கல்லில் தங்க எழுத்து. மேலே பெரிதாக அவர் பெயர், கீழே அவர் மனைவி பெயர், அதற்கும் கீழே மைத்துனர் பெயர். அந்த மைத்துனர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மன்றம் என்ற சொல்லே இல்லை. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலுக்காக என்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அக்கா என் முழங்கையைத் தொட்டார். "எம்பேரு எந்த வரில கீது, பாப்பா?"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முதல் எனக்கு ஒரே யோசனைதான்: அந்த மனிதர் ஊர் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும். படித்தவள் புத்திக்கு எட்டியபடி மனு எழுதினேன். ஒன்றியத்துக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, வாரப் பத்திரிகைக்கு ஒன்று. எதற்கும் பதில் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பார்த்தேன். தலைவர் பெயர் இருந்த இடத்தில், அதன் மேல் கச்சிதமாக, ஒரு வரட்டி. பச்சைச் சாணியில் ஐந்து விரலும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. யார் கை என்று எனக்குத் தெரிந்தது. ஊரில் யார் தட்டிய வரட்டி என்பதை விரலைப் பார்த்தே எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

நேராக அக்கா வீட்டுக்குப் போய், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றேன். என் முதல் வரட்டி கல்லில் ஒட்டாமல் வழுக்கி என் காலில் விழுந்தது.

"தடவிக் குடுக்காத, பாப்பா. அறையணும். அந்தாளு கன்னம்னு நென்ச்சிக்கோ."

அடுத்தது ஒட்டிக்கொண்டது.

தலைவர் ஆள் விட்டுக் கழுவினார். மறுநாள் மறுபடி வரட்டி. தங்கப் பெயின்ட் பூசவைத்தார், அது காயும்வரை காத்திருந்து தட்டினோம். யாராவது கேட்டால், மேற்குப் பார்த்த சுவர், கல் நன்றாகச் சூடேறுகிறது, ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது என்று பதில் வைத்திருந்தோம். பொய்யும் இல்லை.

பொன்விழாப் பணிகளைப் படம் எடுக்க ஒன்றியத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் பன்னிரண்டு பேரும் விடியும்போதே போனோம். அதிகாரியை அழைத்துக்கொண்டு வெள்ளைவேட்டியில் வந்த தலைவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கல்லே தெரியவில்லை. பன்னிரண்டு வரட்டி, பன்னிரண்டு கை.

"எவ பண்ண வேலை இது?"

மாட்டுக்கார அக்கா முன்னால் வந்தார். "இன்னா தலைவரே, பாத்தா தெரியல? நீங்கதான பேரு கேட்டீங்கோ. எங்களுக்கு எழுதத் தெரியாது. அதான் கைநாட்டு வச்சிகீறோம்."

அதிகாரி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த முழுத்தாளின் நகலைப் பிரித்து, ஒவ்வொரு கையாகக் காட்டி, பன்னிரண்டு பெயரையும் உரக்கப் படித்தேன். அக்காவின் பெயரை மட்டும் வேண்டுமென்றே இரண்டு தடவை. தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையை நான் ஆசைதீரப் பார்த்தேன். கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

அந்த வாரமே தலைவர் சொல்லியனுப்பினார்: கல்லின் அடியில் 'மகளிர் மன்றத்தின் ஒத்துழைப்புடன்' என்று சேர்த்துவிடலாமாம். கட்டினது நாங்கள், ஒத்துழைத்தவர் யார் என்று கேட்டு ஆளைத் திருப்பியனுப்பினார் அக்கா. வரட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. பெயின்ட் பூசுவதைத் தலைவர்தான் நிறுத்தினார்.

போன மாதம் அக்கா வீட்டில் இருந்தபோது, கல்லிலிருந்து உரித்த வரட்டி ஒன்றைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தங்கப் பொடி ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் தலைவர் பெயரின் முதல் இரண்டு எழுத்து, இடவலம் மாறி. அக்கா அதை இரண்டாக உடைத்து அடுப்பில் செருகினார். மறுபடி ஏழாவதில் சேர்ந்திருக்கும் மகள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ கேட்டாள்.

அக்கா குனிந்து ஊதினார். தீ பற்றியது.

"நல்லாத்தான் எரியறாரு," என்றார்.