அன்னம் தெரியவேண்டும்

மழை இல்லாமல் புல்லெல்லாம் காய்ந்துபோய், ஓகஸ்ட் முதலாம் திகதி தேசிய நாளுக்குக்கூட ஒருவரும் வெடி கொளுத்தக்கூடாது என்று சுவிஸில் தடை போட்டார்களே, அந்தக் கோடையில்தான் என் மகனுக்குக் கலியாணம். வெடி இல்லாத குறையை யாழ்ப்பாணத்தில் இருந்த என் அக்கா தீர்த்துவைத்தார்.

எங்கள் வழக்கத்தில் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. விசா கிடைக்காத அக்கா, கடை கடையாக ஏறி இறங்கி, கரையில் அன்னம் போட்ட சிவப்புக் கூறையொன்றை எடுத்து, இங்கே வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அந்த மனிதர் அதே பைக்குள் கருவாட்டையும் வைத்திருந்தார். சேலையைப் பல்கனியில் காற்றாடப் போட்டதும், கீழ்வீட்டுச் சுவிஸ்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்ததும் தனிக்கதை.

மருமகள் அதை உடுத்தித்தான் தாலி கட்டிக்கொண்டாள். பின்னேர வரவேற்புக்கு ஊதாச் சேலைக்கு மாறினாள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஊதாப் படத்தை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டான். அக்கா உடனே போன் எடுத்தார்.

"நான் எடுத்த கூறை உங்கடை லாங்கன்தால் ஊர் மருமோளுக்குப் பிடிக்கேல்லையோ?"

"உடுத்தவள் அக்கா."

"அப்ப வீடியோவிலை காட்டு. நல்லூர்த் தேருக்குச் சொந்தமெல்லாம் வரும். நான் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது? காட்டாட்டில் இனி எனக்குப் போன் எடுக்காதை."

காட்டலாம்தான். ஆனால் வீடியோக்காரர் தந்த படம் பாரத்தில் ஆனை. அக்காவின் பழைய போனோ எலிப்பொறி. தபாலில் போட்டால் தேர் ஓடி முடிந்து முட்டிக்குத் திரும்பிய பிறகுதான் போய்ச் சேரும். தாலி கட்டும் இடத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன். போன் அதைத் தன்பாட்டில் நசுக்கி அனுப்பிவிட்டது.

"இதென்னடா, மிளகாய்த்தூள் சாக்குப் போலை ஒண்டு இருக்குது," என்றார் அக்கா. "அன்னம் எங்கை?"

பாரம் குறையவேண்டும், அன்னமும் தெரியவேண்டும். நான் உணவகச் சமையலறைகளில் பெட்டி தூக்கிப் பிழைத்தவன். பெட்டி பாரம் என்றால் உள்ளே இருப்பதை இறக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆகவே படத்தில் இருக்கும் ஆட்களை இறக்க முடிவெடுத்தேன். மருமகள் கணினியைத் திறந்ததும், முன்வரிசையில் இருந்த என் மனைவியின் அண்ணனைக் காட்டினேன்.

"முதல் இவரை எடு பிள்ளை. இவர் ஒருத்தரே அரைவாசிப் பாரம்."

மனைவி அகப்பையோடு வந்தாள். "என்ரை அண்ணையை எடுத்தால் உங்கடை தம்பியையும் எடுக்கவேணும். அவர் சாப்பிட மட்டும்தானே வந்தவர்!"

மருமகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "நைய், நைய் மாமா! இல்லை, ஆக்கள் பாரமில்லை. ஆடாமல் இருக்கிறதைப் படம் ஒருக்கால் பதிஞ்சால் காணும். அந்த மாமா நல்ல நித்திரை, அவராலை ஒரு பாரமும் இல்லை. நீங்கள் எல்லாரும் அறுகரிசி எறியிறியள் பாருங்கோ, அதுதான் பாரம். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்குது."

உண்மைதான். எங்கள் ஆட்கள் அரிசி எறிவது வாழ்த்தவா, குறி பார்க்கவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கலியாணத்துக்கு அடுத்த நாள் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர், இனி இங்கே கோழி வளர்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு கூட்டினார்.

அரிசி பறக்காத இடம் தேடினோம். தாலித் தட்டம் சபையைச் சுற்றி ஆசி வாங்கிவரும் வரைக்கும் மருமகள் கூறையோடு சிலைபோல இருந்திருக்கிறாள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தாள். படத்தின் அகல நீளத்தை அக்காவின் போன் திரை அளவுக்குக் கொண்டுவந்தாள். புது முறையில் சுருக்கினால் இன்னும் சிறிதாகுமாம், ஆனால் பழைய போனுக்கு அது விளங்காதாம். பழைய முறையிலேயே சுருக்கினாள்.

"வீடியோ எண்டு அனுப்பினால் திரும்பவும் நசுக்கிப்போடும் மாமா. டொக்யுமென்ட் எண்டு இணைச்சு அனுப்போணும்."

அனுப்பினோம். காலை முழுக்க மருமகள் வேலைக்குப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூறையை அலுமாரியில் பூட்டினவள் என்ற பெயர் அவளுக்கல்லவா வரும். மத்தியானம் அக்கா எடுத்தார்.

"அன்னம் தெரியுதடா! சொண்டுகூடத் தெரியுது. தேருக்கு இந்தப் போனோடைதான் போறன். ஒருத்தருக்கும் காட்டாமல் விடன்."

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்கா விடவில்லை.

"அது சரி, சேலைச் சட்டைக் கைத் தையல் ஏன் கோணலாக் கிடக்கு? ஆர் தைச்சது?"

தைத்தது மருமகளின் தாய். மருமகள் என் காதுக்குள், "கொஞ்சம் மங்கலாவே விட்டிருக்கலாம் மாமா," என்றாள்.

ஆகவே, கலியாணப் படத்தை ஊருக்கு அனுப்பத் திணறுகிற யாரையாவது நீங்கள் கண்டால் சொல்லிவிடுங்கள்: ஆளை வெட்டவேண்டாம், அரிசியை வெட்டினால் போதும். சேலைக்கரை தெரியும் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள், சட்டைத் தையல் வரைக்கும் போகவேண்டாம்.