தலைகீழாகத் தைத்த மேப்பிள் இலை

"உங்க ஊர்ல நீ ரொம்ப மதிக்கிற ஒருத்தரைச் சொல்லு. ஏன்னும் சொல்லு."

கல்லூரி நேர்காணலில் கேட்ட கேள்வி இது. மினசோட்டாவின் தென்கோடியில், ஒரே ஒரு போக்குவரத்து விளக்கு உள்ள ஊர் எங்களுடையது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர ஊரைப் பற்றி நான் வேறெதுவும் யோசித்ததில்லை. பக்கத்து வீட்டு மார்லிஸ் பிரெக்கியின் பெயர் அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பற்றி இப்போது எழுதுகிறேன்.

மார்லிஸுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடங்களாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கணவர் லைல், குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல் ஒட்டும் வேலை செய்தவர். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதில் தையல் இயந்திரமும், அளவுக் கட்டையும், நிறம் நிறமாகத் துணி அடுக்குகளும்தான் இருக்கும். இருவரும் அடுப்படித் திட்டில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார்கள்.

ஆகஸ்ட் வந்தால் மார்லிஸ், வாசல் கதவில் அலங்காரமாக மாட்டும் இலையுதிர்காலத் துணித் தொங்கலைத் தொடங்கிவிடுவார். துணித் துண்டுகளைச் சின்னச் சின்னச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, இணைத்து இலையாக்கி, அடியில் பஞ்சும் அதற்கடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பது. அகலம் ஒரு கை நீளம்தான் இருக்கும். செப்டம்பரில் பள்ளி திறக்கும் நாளில் அது வாசல் கதவில் ஏறும். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள் இறங்கும். இறங்கிய தொங்கலை அந்த ஞாயிறே சர்ச்சில் குலுக்கலுக்குக் கொடுத்துவிடுவார். அடுத்த வருடத்துக்குப் புதிதாக வேறொன்று. அது இறங்கிய கதவில் குளிர்காலத் தொங்கல் ஏறும்.

நாள் தவறுகிறவர்களை அவர் சும்மா விடமாட்டார். இலையுதிர்கால அலங்காரமாக வைத்த பூசணிக்காய் டிசம்பரிலும் எங்கள் படிக்கட்டில் இருந்தால் பேருந்தின் சன்னலைத் திறந்து அம்மாவைக் கூப்பிடுவார்.

"ஏய் பெக், பனி விழுந்தப்புறம் வாசல்ல பூசணிக்கா இருந்தா அதுக்குப் பேரு அலங்காரம் இல்லடி. சோம்பேறித்தனம்."

சென்ற வருடம் லைலுக்கு ஞாபகம் மிகவும் மங்கிவிட்டது. ஆகஸ்டில் அவரை ஆற்றோரத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். என் அம்மா அங்கே நர்ஸ். நீண்ட தாழ்வாரம், இருபக்கமும் ஒரே மாதிரியான பழுப்பு நிறக் கதவுகள். லைலுக்குத் தன் அறை எதுவென்று தெரியவில்லை. அந்த வருடத் தொங்கலை மார்லிஸ் தன் வீட்டில் மாட்டாமல் லைலின் கதவில் மாட்டினார். ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மேப்பிள் இலை. இரண்டே நாளில் லைல் தானாக அறைக்கு வரத் தொடங்கினார். சாப்பிட்டுவிட்டுத் தனியாக நடந்து வருவார், தொங்கலின் முன் கொஞ்சம் நிற்பார், கதவைத் திறப்பார்.

அதன் பிறகுதான் தேங்க்ஸ்கிவிங் வந்தது. மறுநாள் காலை மார்லிஸ், வருடம் தவறாமல் செய்வதுபோல, இலைத் தொங்கலை இறக்கிவிட்டுக் குளிர்காலத் தொங்கலை மாட்டினார். நீல வானம், வெள்ளை வீடு, வெள்ளி நூலில் பனி. வேலைப்பாட்டில் முன்னதைவிட ஒரு படி மேல். இலைத் தொங்கல் ஞாயிற்றுக்கிழமை குலுக்கலில் ஹாவிக் தம்பதிக்கு விழுந்தது. அவர்கள் குளிருக்குப் பயந்து வருடா வருடம் அரிசோனாவுக்குப் போகிறவர்கள். திங்களன்று தொங்கலோடு கிளம்பிவிட்டார்கள்.

அன்று மதியம் அடுத்த அறை ஆர்விட் அழைப்பு மணியை அடித்தார்.

"பெக், என் கட்டில்ல ஒரு டைல்காரர் படுத்திருக்காரு. பூட்ஸோட."

செவ்வாயன்றும் அதே கதை. இம்முறை ஆர்விட் சிரிக்கவில்லை. இல்லத்து நிர்வாகி மார்லிஸைக் கூப்பிட்டு, இன்னொரு முறை நடந்தால் லைலைப் பூட்டு போட்ட பகுதிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அங்கே கதவுகள் வெளியிலிருந்துதான் திறக்கும். மதியம் ஆற்றோரம் நடக்க விடமாட்டார்கள். லைலுக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் அந்த நடைதான். முடிவு எடுக்கும் கூட்டம் வெள்ளிக்கிழமை.

பழைய தொங்கல் அரிசோனாவிலிருந்து வெள்ளிக்குள் வந்து சேராது. மார்லிஸ் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் துணி அடுக்கைக் கலைத்தார். அதே சிவப்பு கொஞ்சம் இருந்தது, அதே கடுகு மஞ்சள் கொஞ்சம் இருந்தது. காலைப் பேருந்துக்கும் மாலைப் பேருந்துக்கும் இடையிலெல்லாம் தைத்தார். அவருடைய தையல் தோழி ஜோலீன் இஸ்திரி போட வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"வெளிய அரையடி பனி. நீ இலை தைக்கிற. ஊரே சிரிக்கப் போகுது பாரு."

"சிரிக்கட்டும். நீ அந்த மடிப்பை ஒழுங்கா அழுத்து."

இரண்டு நாளில் முடித்தார். வியாழன் மதியம் கதவில் மாட்டியபோது நானும் அங்கே இருந்தேன். ஒன்பது இலை. அதே நிறம், அதே வரிசை. லைல் சாப்பாட்டு அறையிலிருந்து வந்தார். தொங்கலைப் பார்த்தார். நின்றார். மார்லிஸின் கை தானாக வாய்க்குப் போனது. லைல் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு, அப்படியே தாண்டி நடந்தார். ஆர்விட்டின் கதவுப் பிடியைத் தொடும் முன் அம்மா ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தார்.

மார்லிஸ் அழவில்லை. "பெக், உங்கிட்ட ஹாவிக் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அரிசோனாவிலிருந்து போனில் படம் வந்தது. அங்கே சுவரில் மாட்டியிருந்த பழைய தொங்கலை மார்லிஸ் பெரிதாக்கிப் பார்த்தார். புதியதைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கடைசி வரிசை, நடு இலை. காம்பு எங்க இருக்கு பாரு."

எட்டு இலைகளுக்குக் காம்பு கீழே இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் மேலே. மார்லிஸ் தெரியாமல் அந்தக் கட்டத்தைத் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறார். லைலை இல்லத்தில் சேர்த்த வாரத்தில் தைத்தது அது. மூன்று மாதம் தினமும் பார்த்தும் மார்லிஸின் கண்ணில் படவில்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை. நாற்பது வருடம் டைல் ஒட்டிய மனிதருக்கு மட்டும் பட்டிருக்கிறது.

நேராக வைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே கோணலாக வைப்பதை அன்று பார்த்தேன். மார்லிஸ் மாலைப் பேருந்தை ஓட்டி முடித்துவிட்டு வந்து லைலின் அறையிலேயே உட்கார்ந்தார். தையல் பிரிக்கும் கொக்கியால் அந்தக் கட்டத்தின் நான்கு பக்கத்தையும், பஞ்சோடு சேர்த்துப் போட்டிருந்த கோடுகளையும் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்கத் தொடங்கினார். தலைகீழ் இலை ஒன்றை மேலே ஒட்டுப் போட்டால் அரை மணியில் முடியுமே என்று சொன்னேன். "ஒட்டுப் போட்டா புடைச்சுக்கும். அதுவும் அவருக்குத் தெரியும்" என்றார். லைல் பக்கத்தில் உட்கார்ந்து மார்லிஸின் மடியில் விழுந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா தைக்கிற?"

"ஒரு ஆளுக்கு. தன் ரூம் எதுன்னு தெரியாமத் தேடுறாரு."

"அடப் பாவம்," என்றார் லைல். "சீக்கிரம் தச்சுக் குடு."

வெள்ளி காலை, பலகாரம் முடிந்து லைல் தாழ்வாரத்தில் வந்தார். நிர்வாகி தன் அறை வாசலில் நின்று பார்த்தார். மார்லிஸ் பேருந்து ஓட்டப் போயிருந்தார், வேறு வழியில்லை. லைல் தொங்கலின் முன் நின்றார். கடைசி வரிசை நடு இலையின் காம்பில் விரலை வைத்தார்.

"இது தப்பா இருக்கு. எவனும் கவனிக்கிறதில்ல," என்றார். கதவைத் திறந்து தன் அறைக்குள் போனார்.

அம்மா தாழ்வாரத்திலிருந்தே மார்லிஸுக்குப் போன் செய்தார். பேருந்து ஓடும்போது மார்லிஸ் போன் எடுக்கமாட்டார். கடைசிப் பிள்ளையும் பள்ளியில் இறங்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அன்றைய கூட்டத்தில் லைல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

இப்போது பிப்ரவரி. தாழ்வாரத்தில் மற்ற கதவுகளிலெல்லாம் காதலர் தினத்துக்கு ஒட்டிய சிவப்பு இதயங்கள். லைலின் கதவில் மட்டும் மேப்பிள் இலை. ஜோலீன் போன வாரமும் குத்திக் காட்டினார்: "என்னடி மார்லிஸ், உன் மரத்துல இன்னும் இலை உதிரலையா?"

"உதிரட்டும். அவரு விடும்போது உதிரட்டும்," என்றார் மார்லிஸ்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் தன் அறை வாசலைத் தேடித் தடுமாறுகிறார் என்றால், அவருக்காக உட்கார்ந்து தைப்பவருக்கோ வரைபவருக்கோ இதைச் சொல்லுங்கள். அழகாக இருந்தால் மட்டும் போதாது, அந்த மனிதர் எதைப் பார்த்து நிற்கிறார் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லும்போது என் பெயர் வேண்டாம். மார்லிஸ் பிரெக்கி, பேருந்து ஓட்டுபவர் என்று சொல்லுங்கள்.