எல்லைக்கு வெளியே பாடிய ஒப்பாரி

ஒப்பாரி கேட்டு வந்தவள் என்று தெரிந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் என்னைக் கண்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாவு விழாத ஊரில் ஒருத்தி வந்து சாவுப் பாட்டு கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

அது யுத்த காலம். குண்டு விழும் என்று சென்னைப் பட்டணமே காலியானபோது, அங்கே தமிழ் படித்துக்கொண்டிருந்த நானும் அரூருக்குத் திரும்பியிருந்தேன். உங்கள் பக்கத்து ஒப்பாரிகளைச் சேர்த்து வை என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "ஒலகமே பத்தி எரியுது. நீ அழுவாச்சிப் பாட்ட எழுதி யாருக்கு என்னம்மா ஆவப்போவுது?" என்றார். ஆனாலும் கடத்தூர் பக்கம் பெரியம்மா இருந்த அந்த ஊருக்குப் போய்த் தங்கினேன்.

அங்கே சாவு வீடுகளில் முதல் அடி எடுத்துக் கொடுப்பவள் ஒரு விதவை. நாற்பது வயதிருக்கும். தன் நிலத்தைத் தானே பயிர் செய்துகொண்டிருந்தாள். பெரியம்மா சொல்லித்தான் என்னிடம் பேசவே சம்மதித்தாள்.

"ஊருக்குள்ள பாட மாட்டேன் பாப்பா. சும்மா பாடினா எமனுக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்" என்றாள்.

ஊரெல்லைக்கு வெளியே, கொள்ளுக் காட்டு ஓரத்தில் உட்கார்ந்து பாடினாள். புருஷனுக்குப் பாடியது, மாமியாருக்குப் பாடியது. கடைசியாக, அவளுடைய அம்மா தன் தங்கைக்குப் பாடியது.

கூரையப் பிரிச்சாங்க, குதிருக்குத் தீ வெச்சாங்க
உசுரோட வண்டியேத்தி ஊரெல்ல தாண்டினாங்க
கொட்டாயில போட்டாங்களே, கூப்பிட்டும் வல்லியே
கைமண்ணு போடலியே, கண்ணால பாக்கலியே

அது முன்பு ஒருமுறை பிளேக் வந்தபோது நடந்தது என்றாள். காய்ச்சல் கண்டவர்களைச் சர்க்கார் ஆட்கள் தனிக் கொட்டாய்க்குக் கொண்டுபோனார்களாம். போனவர்கள் திரும்பவில்லை, பிணத்தையும் தரவில்லை. பின்னர் வேறு இரண்டு பெண்கள் அதே காட்டோரத்தில் பாடினார்கள். செத்தவர்கள் வேறு, குடும்பங்கள் வேறு. ஆனால் அவர்களுடைய பாட்டிலும் அந்த வண்டியும் கொட்டாயும் வந்தன. அந்த வரிகளின் கீழே கோடு போட்டு வைத்தேன்.

சில நாள் கழித்துப் பெரியம்மா வீட்டு வாசலில் பட்டப்பகலில் ஒரு எலி தள்ளாடி வந்தது. ஆளைக் கண்டு ஓடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து விழுந்து செத்தது. அடுத்த வீட்டுத் தானியக் குதிருக்குள்ளும் செத்த எலிகள் கிடந்தன. அந்த வாரமே ஒரு கிழவருக்கும் அவர் மருமகளுக்கும் காய்ச்சல் கண்டு, அக்குளில் நெறி கட்டியது.

ஊரே என்னைப் பார்த்தது. "இவ கால் வெச்ச நேரம்" என்று என் காதுபடவே சொன்னார்கள். மணியக்காரர் வீடு தேடி வந்தார்.

"நீங்க ஊரு போய்ச் சேந்துருங்கம்மா. அரூர்ல யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

நான் கிளம்பும் முன்பே கிழவர் செத்துப்போனார். அதை வெளியே சொல்லவில்லை. அழுகைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. செத்த எலிகளை வெறுங்கையால் எடுத்து எருக்குழியில் புதைத்தார்கள். மருமகளை வைக்கோல் போருக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். அவர்கள் நோய்க்குப் பயந்ததைவிடக் கொட்டாய்க்கு அதிகம் பயந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அரூருக்கு வந்ததும் நேரே சுகாதார இன்ஸ்பெக்டரைப் பார்த்து, கண்டதையெல்லாம் சொன்னேன். நல்ல மனிதர், வேலையில் கறார்.

"போலீஸோட போய் வீடு வீடா சோதனை போட்டுட வேண்டியதுதான். சீக்காளிகளைக் கொட்டாய்க்கு மாத்திடுவோம்."

"அப்படிப் போனீங்கன்னா ஊரே சித்தேரி மலைக்கு ஓடிரும் சார். நோயும் கூடவே போவும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க பாட்டுல இருக்கு."

அவர் சிரித்தார். "பாட்டை வெச்சு பிளேக்கை நிறுத்தலாம்னு சொல்றீங்களாம்மா?"

கொட்டாய் வருகிற மூன்று ஒப்பாரிகளையும் சொல்லிக் காட்டினேன். முதலில் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசிப் பாட்டில் தலை குனிந்தார்.

"கிருமியைப் பத்தி எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. இதை யாருமே சொல்லலை. கொட்டாய் போடாம முடியாதும்மா, மேலிடத்து உத்தரவு. வேற எதை மாத்தலாம்?"

இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். கொட்டாய் ஊர்க் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். பிளேக் தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்கலாம். யார் செத்தாலும் சொந்தக்காரர் கண்ணெதிரே அடக்கம். குதிருக்குத் தீ வைப்பது கிடையாது.

மறுநாள் அவரோடு நானும் போனேன். போலீஸ்காரர்களை எல்லையிலேயே நிறுத்திவிட்டார். தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. அந்த விதவை மட்டும் நடுத்தெருவில் நின்றாள்.

"உசுரோட ஏத்திக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள்.

"கூட ஒரு ஆள் வரலாம்மா. நீங்களே வந்து பாத்துக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். தன் பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகத்தில் கோபம் தெரிந்தது. ஆனாலும் கையை நீட்டி ஊசியை முதலில் போட்டுக்கொண்டவள் அவள்தான். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து மருமகளைத் தூக்கி வந்தார்கள். எலி விழுந்த வீடுகளை விட்டு, ஊர் முழுக்கக் காட்டுக் குடிசைகளுக்குக் குடிபெயர்ந்தது.

ஒரு குடும்பம் மட்டும் விடியும் முன்பே மலைப்பாதை பிடித்திருந்தது. அவர்களோடு காய்ச்சல்காரப் பையன் ஒருவனும் போனான். அடிவாரத்து ஊர் ஒன்றில் எலி விழுகிறது என்ற செய்தி பின்னாலேயே வந்தது. அங்கே யாரும் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. சர்க்கார் ஆட்கள் போலீஸோடுதான் போனார்களாம். போனபோது ஊரில் ஆளே இல்லையாம்.

கிழவரின் மருமகள் பிழைக்கவில்லை. அவள் புருஷன் கடைசிவரை கொட்டாயில் கூடவே இருந்து, தன் கையால் மண் போட்டான். வேறு சிலரும் செத்தார்கள். அதற்குப் பிறகு எலிகள் விழுவது நின்றது.

அறுவடை முடிந்ததும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். மணியக்காரர் ஆள் அனுப்பி என்னை எல்லையிலேயே நிறுத்தினார். அந்த விதவை காட்டிலிருந்து வந்தாள்.

"நீ நல்லதுதான் செஞ்ச பாப்பா. ஊருக்குள்ள மட்டும் வராத" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த கொள்ளுப் பயறை என் கையில் கொட்டினாள்.