மாணவி ஜெயசீலி மேடம்

நாற்பது வயதைத் தாண்டி மறுபடியும் வகுப்பில் போய் உட்கார ஒரு துணிச்சல் வேண்டும் என்பார்கள். ஜெயசீலியிடம் துணிச்சல் எதுவும் இல்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தது கடைசி பெஞ்சில். அங்கேதான் சுவரில் சாய்ந்துகொள்ளலாம்.

கிழக்குத் தாம்பரத்தில் வீடு. படப்பைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை. சமூகப்பணிப் பாடம் எடுத்து எடுத்தே பாதித் தலை நரைத்துவிட்டது. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவாவது செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கல்வியாண்டு வர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சொன்ன மனிதர் என்ன படித்தார் என்று அந்தக் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது.

காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வழி ஒன்று இருந்தது. ஒரு பருவம் விசிட்டிங் ஸ்டூடண்டாக வந்து, அகடமிக் இங்கிலீஷ் என்கிற தாளில் தேறிவிட்டால் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொள்ளலாம். இங்கிலீஷ்தானே, தினமும் அதில்தானே பாடம் எடுக்கிறோம் என்று ஜெயசீலியும் ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

காலையில் படப்பைக்கு பஸ். மதியம் வரை அங்கே கத்திவிட்டு, மறுபடி தாம்பரம் வந்து செங்கல்பட்டு வண்டி. வகுப்பு முடிந்ததும் அதே தண்டவாளத்தில் திரும்பி வந்தால் வீட்டில் அடுப்பு காத்திருக்கும். வண்டியில் இடம் கிடைத்தாலும் அவள் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள், தூங்கினால் செங்கல்பட்டில்தான் விழிப்பாள். ஒரு தரம் அப்படி நடந்ததிலிருந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.

வகுப்பெடுத்த ஆஃபியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பல்லாவரத்துப் பெண், அப்பாவுக்குத் தோல் வியாபாரம். அவள் இவளை மேடம் என்பாள், இவளும் அவளை மேடம் என்பாள். யாருக்கு யார் மேடம் என்று மற்ற பிள்ளைகளுக்கு முதல் வாரம் குழப்பமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகள் ஜெயசீலியை ஆன்ட்டி என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டார்கள். அந்த மட்டும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்தத் தாளில் தேற எழுத வேண்டிய கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, தொழிற்சாலைப் பெண்களின் உடல்நலம். புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஞாயிறு மதியத் தூக்கங்களையெல்லாம் தியாகம் செய்து எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் ஆஃபியா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல பாதிக்கு மேல அப்படியே புக்ல இருக்கு. சாஃப்ட்வேர்ல போட்டா காட்டிக் குடுத்துடுது."

"ஆமா மேடம், அப்படியேதான் இருக்கும்," என்றாள் ஜெயசீலி, கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு வார்த்தை மாறாம பாத்துப் பாத்து எழுதினேன்."

ஆஃபியா கட்டுரையை மூடி வைத்தாள். பிறகு மெதுவாக, "அதைத்தான் இங்க காப்பின்னு சொல்றாங்க," என்றாள்.

ஜெயசீலிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவள். அங்கே ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெரியவர்கள் எழுதி வைத்ததில் கை வைக்கிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. கை வைக்காததற்குத் திருட்டுப் பட்டமா?

"இன்னொரு சான்ஸ் இருக்கு மேடம். அதுலயும் இப்படி வந்தா நான் பாஸ் போட முடியாது. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட காட்டுங்க." ஆஃபியாவின் குரலில் இருந்தது இரக்கம். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜெயசீலிக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வசனப் போட்டி. நடத்துவது ஜெயசீலிதான். ஜெரூஷா என்கிற சின்னப்பெண் மூச்சு விடாமல் நீளமான வசனம் ஒன்றை ஒப்பித்துவிட்டுப் பரிசுக்குக் கையை நீட்டினாள்.

"வசனம் சரி. எந்தப் புஸ்தகம், எந்த அதிகாரம்? அதைச் சொல்லலைன்னா மார்க் இல்ல," என்றாள் ஜெயசீலி, வழக்கம் போல.

"கரெக்டா சொன்னேனே ஆன்ட்டி!"

"கரெக்டா சொன்னா போதுமா? யார் சொன்னது, எங்க இருக்குன்னு சொல்ல வேணாமா?"

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்! வருடக்கணக்காக வாராவாரம் குழந்தைகளின் மார்க்கைப் பிடுங்கிய அதே காரணத்துக்காகத்தான் ஆஃபியா தன்னைப் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. ஜெரூஷா பரிசைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கட்டுரையைப் பிரித்து மறுபடி எழுதினாள். ஒவ்வொரு கருத்துக்கும் யார் சொன்னது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். கடுகு தாளிக்கிற நேரத்தில்கூட அடிக்குறிப்பு ஞாபகம்தான். கணவன் சாலமோன் ஒரு நாள் கருகிய பொரியலை வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். நல்ல மனுஷன்.

இந்தத் தடவை ஆஃபியா கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் பேசிட்டாங்க மேடம். நீங்க எப்ப பேசுவீங்க?"

ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. உடம்பில் தெம்பு இருந்திருந்தால் சண்டைக்கே போயிருப்பாள்.

"இதோ பாருங்க," ஆஃபியா ஒரு பத்தியைக் காட்டினாள். "பொண்ணுங்களுக்கு விழிப்புணர்வு இல்லாததாலதான் தண்ணி குடிக்கறதில்ல, அதனாலதான் வியாதி வருதுன்னு மூணு பேராசிரியருங்க சொல்லியிருக்காங்க. சரி, நீங்க ஒத்துக்கறீங்களா?"

"பெரியவங்க சொல்லியிருக்காங்க மேடம்."

"நீங்க?"

"அதெல்லாம் சுத்தப் பொய்!" பொங்கிவிட்டாள் ஜெயசீலி. "வருஷா வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மறைமலை நகருக்கு ஃபீல்டு வொர்க் போறவ நான். கம்பெனி பஸ்சுக்கு நிக்கற பொண்ணுங்க கிட்ட பேசியிருக்கேன். ஒவ்வொருத்தி பையிலயும் காலைல வீட்ல ரொப்பின பாட்டில் இருக்கும். சாயந்திரம் அப்படியே தளும்பத் தளும்ப திரும்பி வரும். தெரியாமயா? தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போகணும்னா சூப்பர்வைசர் கிட்ட கேக்கணும். அவன் எல்லார் முன்னாடியும் மறுபடியுமான்னு கேப்பான். யாருக்கு விழிப்புணர்வு இல்ல?"

"இதை எழுதுங்க."

"எப்படி மேடம்? அவங்கல்லாம் பேராசிரியருங்க. தப்புன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"இப்ப சொன்னீங்கல்ல, அப்படித்தான்."

சொல்வது சுலபம். அந்தப் பத்தியைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது ஜெயசீலியின் கை அவளையறியாமல் மன்னிப்புக் கேட்டது. மதிப்பிற்குரிய பேராசிரியர் கூறுவது முற்றிலும் சரியே. ஆயினும் அடியேனின் சிற்றறிவுக்கு எட்டியவரை, என்று ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் குனிய முடியுமோ அப்படியெல்லாம் குனிந்து எழுதினாள். ஆஃபியா சிவப்புப் பேனாவால் குனிந்த இடங்களையெல்லாம் அடித்தாள். அடித்தது போக மிஞ்சியது ஒரே வாக்கியம்: அந்தப் பெண்களுக்கு அறிவு குறைவு இல்லை, அனுமதி குறைவு என்பது என் வாதம். அதை அச்சில் பார்த்தபோது, யாருடைய வீட்டிலோ செருப்போடு நுழைந்துவிட்டது போல ஜெயசீலிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மாற்றவில்லை. அப்படியே கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. தேறியிருந்தாள், தட்டுத்தடுமாறி. இலக்கணத்துக்குக் கணிசமாகக் குறைத்திருந்தார்கள். ஆய்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று போட்டிருந்தது. வேலை தப்பித்தது. ஆஃபியா கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிள்ளைகள் ட்ரீட் எங்கே அக்கா என்று சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள்.

பிளாட்பாரத்தில் கூட்டமில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சாலமோனுக்குப் போன் போட்டு, "பாஸ்," என்றாள்.

"ஸ்தோத்திரம்! நான்தான் சொன்னேனே." அந்தப் பக்கம் அவன் ஆபீசில் யாரிடமோ சந்தோஷமாகச் சொல்வது கேட்டது.

ஜெயசீலி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். தேறிவிட்டால் என்ன கிடைக்கும் என்று இத்தனை மாதமும் அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. தோற்றால் என்ன போகும் என்பதுதான் மனசில் இருந்தது. இப்போதுதான் உறைத்தது. ஆராய்ச்சி என்றால் குறைந்தது ஐந்து வருடம். ஐந்து வருடமும் இதே பஸ், இதே வண்டி, இதே கம்பி. முடிக்கும்போது ஐம்பதை எட்டியிருப்பாள். ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு அதுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அழுகை நிற்கவில்லை.

"ஏய், ஜெயா! அழறியா? பாஸ்னுதானே சொன்னே?"

"டயர்டா இருக்குங்க. ரொம்ப டயர்டா இருக்கு."

சாலமோன் ஆபீஸ் சத்தத்தை விட்டு வெளியே வருவது கேட்டது. பிறகு, "இவ்ளோ கஷ்டம்னா வேணாம்மா. விட்டுடு. என் சம்பளம் இருக்கு, பாத்துக்கலாம்," என்றான்.

"விடறேன்னு யார் சொன்னா?" என்றாள் ஜெயசீலி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நான் விடமாட்டேன். இப்ப கொஞ்ச நேரம் அழுதுக்கறேன். நீங்க போனை வைங்க."