உட்பக்கமாக மடித்த சீட்டுகள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பைண்டிங் பிரிவில் நம்மோடு வேலை பார்த்த செல்லத்துரை அண்ணாச்சி போன செவ்வாய்க்கிழமை விதுராவில் தன் வீட்டில் காலமானார். சவரம் செய்துகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வாட்ஸாப் குழுவில் எல்லோரும் கைகூப்பும் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் அவரோடு ஒரே மேசையில் டீ குடிக்க மறுத்தவர்கள். நானும் அதில் ஒருவன்.

அச்சகத்தில் எந்தச் சங்கம் நிர்வாகத்தோடு பேசுவது என்று முடிவு செய்ய நடந்த வாக்கெடுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு சங்கங்களும் ஆளுக்கொரு பார்வையாளரை உள்ளே உட்கார வைக்கலாம். நம் சங்கத்தின் பார்வையாளர் அண்ணாச்சி. முந்தின நாள் செயற்குழு ஒரு காரியம் செய்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து வந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களிடம், ஓட்டுச் சீட்டை, குத்திய முத்திரையின் மை வெளியே தெரிய மடித்துப் போடச் சொன்னோம். மை தெரியாமல் உட்பக்கமாக மடிக்கிறவன் பெயருக்கு நேரே, வாக்காளர் பட்டியலில் அண்ணாச்சி பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் நமக்கு வேண்டியவர். புள்ளி விழுந்தவனுக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது.

யோசனை யாருடையது என்று எழுதப்போவதில்லை. கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "முப்பது வருஷமா பேப்பர் மடிக்கேன். எனக்கே மடிப்பு சொல்லித் தாறியளாடே?" என்று சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் நான்காவது ஆள் மை வெளியே தெரியச் சீட்டை மடித்தபோது அவர் எழுந்துவிட்டார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த மலையாளி அதிகாரியிடம், பாதி அவர் பாஷையில், "சாரே, இது ரகசிய ஓட்டு அல்லே? மை உள்ள போற மாதிரி மடிச்சாத்தான் பெட்டியில போடலாம்னு சொல்லுங்க" என்றார். அதிகாரி உரக்க அறிவித்தார். வரிசையில் நின்ற யாரோ, "அப்பாடா, தப்பிச்சோம்ல" என்றது வாசல் வரை கேட்டது.

நான்கு ஓட்டில் தோற்றோம்.

மகளுக்கு வேலை வாங்கிக்கொண்டு நிர்வாகத்திடம் விலைபோய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பெண் தேர்வு எழுதி வாங்கிய வேலை அது. வாக்கெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே உத்தரவு வந்து, செயற்குழுவுக்கு அவரே லட்டு கொடுத்திருந்தார். தின்றவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அவர் கழுத்தில் ஒரு மாலை விழவில்லை.

அவர் மேல் எனக்கு இன்றும் குறை உண்டு. போன வருடம் பழவங்காடி பஸ் நிறுத்தத்தில் எதிரே வந்தார்.

"என்னடே, இன்னும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் போவியா?"

"முடியாதுன்னு முந்தின நாளே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி."

"சொல்லியிருந்தா வேற ஆள உக்கார வச்சிருப்பியளே."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்தேன். பஸ் எதுவும் வரவில்லை. அது அவருக்கும் தெரிந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பதில் ஒன்றுதான். அதற்கு எதிராகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வருடமாகத் தேடுகிறேன். இல்லை.

இதை நாளைக் காலையில் கேண்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். கீழே பெயர் இருக்காது. அன்றைய செயற்குழுவில் இருந்த யார் வேண்டுமானாலும் இதை எழுதியிருக்கலாம். என்னிடம் வந்து கேட்டால், நான் இல்லை என்றுதான் சொல்வேன்.